சம்பந்தியின் முகத்தில் நின்றுபோன படம்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் என் தையல் மிஷினும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டதுதான். சென்ற வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மா எடுத்து, "அவர் குளிக்கிறார்ணா" என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கும் அதே பதில்தான். தங்களுடைய சுத்தம் எனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இந்த வயதில் ஒரே நாளில் மூன்று முறை தலைக்கு ஊற்றிக்கொள்வது உடம்புக்கு ஆகாது. போன் ஈரமாகிவிடுமே என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். துவட்டிக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நாற்பத்தோரு வருடம் சட்டை தைத்தவன், காலரை முதலில் தைத்துவிட்டு உடம்புக்குப் போகத் தெரியாது. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை, அதாவது தங்கள் திருமகன், எங்கள் டிவிக்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனார். அவருடைய ஆபீஸில் புதிதாக வாங்கியபோது கழித்துக் கொடுத்ததாம். நாலு விரல் கனம், ஒரு பெரிய கணக்குப் புத்தகத்தின் அகலம். அடக்கமான பெட்டி. "இனிமே வீடே தியேட்டர் மாமா, எந்தப் படம் வேணும்னாலும் இதுலேயே பாக்கலாம்" என்று சொல்லி, கல்யாணப் படத்தையும் அதற்குள்ளேயே ஏற்றிக் கொடுத்தார். தங்கமான பிள்ளை. இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலாவது நான் அந்தப் பெட்டியைக் குறை சொல்வதுபோல் இருந்தால், அது பெட்டியைச் சொன்னதே தவிர கொடுத்தவரைச் சொன்னதல்ல. பெட்டியையும் ரொம்பச் சொல்லவில்லை.

போன மாதம் தாங்கள் இருவரும் இங்கே வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அந்தப் படத்தைப் போட்டோம். தாங்கள் இருவர், நாங்கள் இருவர், என் மனைவியின் அக்கா, மாடி வீட்டு நர்ஸம்மா, ஆக ஆறு பேர். மணமக்கள் மேல் பூத் தூவுகிற இடத்திலேயே படம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. பூவெல்லாம் ஆகாயத்தில் நின்று, யோசித்து, ஒவ்வொன்றாகக் கீழே வந்தது. அதைக்கூட அழகுக்காக அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் அந்த இடம் வந்தது. வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் தாங்கள். தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. படம் அப்படியே நின்றுவிட்டது. பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, நாதஸ்வரமோ என்னமோ, கேட்கும் மனநிலையில் நான் இல்லை. பத்து விநாடி பொறுத்தேன், இருபது விநாடி பொறுத்தேன், படம் அசையவில்லை. அந்த நேரத்தில் என் மனைவியின் அக்கா, "யாராவது வாயை மூடி விடுங்களேன், கொசு போயிடப் போகுது" என்று சொல்லிச் சிரித்தார். நர்ஸம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை இங்கே உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது இருமலுக்காக.

"மிஷின் ஸ்டக் ஆயிடுச்சு! மிஷின் ஸ்டக் ஆயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே நான் ரிமோட்டை எடுத்தேன். பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினேனோ தெரியவில்லை, தங்கள் முகம் இன்னும் பெரிதாகி டிவி முழுக்க வாயாகவே நின்றது. அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் நான் பிளக்கையே பிடுங்கினேன். முப்பது வருடம் அளவை ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, கடைத்தெருவையே நடுங்க வைத்த மனிதரை, சொந்தச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இப்படி உட்கார வைத்துச் சிரித்துவிட்டோமே என்று எனக்கு ஆகிவிட்டது. மேலும் இரண்டு நாள் தங்குவதாக இருந்த தாங்கள், மறுநாள் காலை "ஊர்ல வேலை இருக்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். ஓய்வு பெற்ற மனிதருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் முகம் எனக்கு இல்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த மாதக் கடைசியில் மாப்பிள்ளையும் மகளும் தாங்கள் இருவருமாகச் சேர்ந்து வந்து பத்து நாள் தங்குவதாகப் பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகு என் மகள் சேர்ந்தாற்போல் பத்து நாள் இந்த வீட்டில் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. அவள் அறைப் போர்வையை அவளுடைய அம்மா இதுவரை இரண்டு முறை துவைத்து மடித்து வைத்துவிட்டாள். போன வாரம் புதன்கிழமை மகள் போனில், "அப்பா, மாமா வரலைங்கறார். மாமாவை விட்டுட்டு நாங்க மட்டும் எப்படிப்பா வர்றது? அங்க என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். "சரிப்பா, பரவாயில்லப்பா" என்று அவள் போனை வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், அந்தப் பெட்டியைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று. கூடவே இன்னொரு முடிவும் செய்தேன். சரியாகும் வரையில் தாங்கள் வருகிற அந்த இடத்தை இந்த வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது, நான் உட்பட.

எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு பெட்டிகளைத் திறந்து பார்ப்பார் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. அவரை அழைத்து வந்தேன். பெட்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குச் சட்டை போட்டது யாரு?"

தூசி படக் கூடாது என்று நான்தான் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஜன்னல் திரையில் மிஞ்சிய துணி, ஓரத்துக்கு பைப்பிங், முன்பக்கம் ஆறு பட்டன். தாங்கள்கூட அன்று நன்றாக இருக்கிறது என்றீர்கள்.

"நான்தாம்மா."

"மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீங்க ஓடுவீங்களா?"

உறையைக் கழற்றினோம். பூத் தூவும் இடத்தைப் போட்டுப் பார்த்தார். முன்னைக்குக் கொஞ்சம் தேவலை, ஆனாலும் இழுத்தது. வேறு எங்கே நிற்கிறது என்று கேட்டார். இன்னொரு இடத்தில் மொத்தமாக நின்றுவிடுகிறது என்றேன்.

"அதைப் போடுங்க, பாக்கலாம்."

"அது முடியாதும்மா."

"ஏன்?"

"அதுல எங்க சம்பந்தி இருக்காரு."

டாக்டரம்மா நெற்றி விளக்கோடு என் முகத்தை நேராகப் பார்த்தார். எனக்குக் கண் கூசியது. ஆனாலும் நான் அசையவில்லை. ஒரு நோயாளியின் மானத்தைக் காப்பதுபோல் தங்கள் மானத்தைக் காத்தேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

"சரி, அந்த இடத்துல சத்தம் வருதா?"

"சத்தம் கணீர்னு வருது. படம் மட்டும்தான் நிக்குது."

"அப்ப கிராபிக்ஸ்தான். சத்தத்தை ஒருத்தர் பாத்துக்கறாரு, படத்தை இன்னொருத்தர் பாத்துக்கணும். இதுல அந்த இன்னொருத்தரே இல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டருங்க இது. கடுதாசி அடிக்கும், கணக்குப் போடும். உங்க வீட்டுக் கல்யாணத்துல அத்தனை பூவை ஒரே நேரத்துல தலையில கொட்டினா அது என்ன பண்ணும், பாவம்? கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு தனியா போட்டா எல்லாம் தண்ணி மாதிரி ஓடும்."

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் நாலு நிபந்தனை எழுதிக் கொடுத்தார். கார்டு குட்டையாக இருக்க வேண்டும். ஒல்லியாக இருக்க வேண்டும், பெட்டிக்குள் ஒரு கார்டுக்குத்தான் இடம் இருக்கிறது, இரண்டு கார்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் குண்டுக் கார்டு ஆகாது. பெட்டிக்கு வருகிற கரண்டே கொஞ்சம் என்பதால், தனக்கென்று தனி வயர் கேட்கக் கூடாது. கூடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதால் சத்தம் போடக் கூடாது. என் மனைவி அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "அதிகம் கேக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, இருக்கிற இடத்துல அடங்கி இருக்கணும். எங்கப்பாவும் எனக்கு இப்படி ஒருத்தரைத்தான் தேடினாரு, கிடைக்கலை" என்றாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே போனார். போகும்போது, தான் எட்டு நாள் வெளியூர் போவதாகவும், வந்து தானே வாங்கித் தருவதாகவும், அதுவரை அவசரப்பட்டு நானாக எதையும் வாங்கிவிடக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் பொதுவாக எல்லோருக்கும் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே கடைத்தெருவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்து, "கேமிங்கா சார்?" என்றார். "கல்யாணம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே பெரிய கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடேயப்பா, முழங்கை நீளம். அதில் மூன்று ஃபேன். மூன்றும் சுற்றும்போது பச்சை, நீலம், சிவப்பு என்று விளக்கு மாறி மாறி எரிகிறது. எங்கள் கூடத்துக்கே ஒரே ஒரு ஃபேன்தான் என்றேன். இது இருந்தால் அது தேவைப்படாது சார் என்றார். எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். நல்லவேளையாக அவர், "உங்க கேபினெட் உள்ளளவு என்ன சார்?" என்று கேட்டுவிட்டார். நான் அளவெடுத்துக்கொண்டு போகவில்லை! நாற்பத்தோரு வருடம் அடுத்தவன் அளவில்லாமல் வந்தால் திட்டி அனுப்பியவன், கையை வீசிக்கொண்டு போய் நிற்கிறேன். அளவை ஆய்வாளராகிய தங்களிடம் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, இஞ்ச் டேப்பை உள்ளே விட்டு அளந்தேன். நீளம், உயரம், கனம் மூன்றும் எடுத்தேன். அளவை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும், வேறு யாராவது என்றால் அதோடு நிறுத்தியிருப்பார்கள். எனக்குத்தான் மாதிரி வெட்டிப் பார்க்காமல் கை வராதே. காலருக்குள் விறைப்பாக நிற்க வைத்துத் தைக்கும் பக்ரம் துணி மிச்சம் இருந்தது. அதில் ஒரு கார்டு வெட்டினேன். நாலு மடிப்பாக வைத்துக் கனம் ஏற்றி, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டேன். பார்த்தால் சாட்சாத் கார்டு. ஃபேன் இருக்கும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பெரிய கறுப்பு பட்டன் வைத்தேன். அதைப் பெட்டிக்குள் விட்டால், அளவெடுத்துத் தைத்ததுபோல் (உண்மையிலேயே அப்படித்தானே) கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையே போட்டுடுங்களேன், சத்தமும் போடாது" என்றாள்.

பக்ரம் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி அதே கடைக்குப் போனேன். ஒவ்வொரு கார்டாக எடுத்து வைக்கச் சொல்லி, என் மாதிரியை மேலே விரித்து, கையால் நீவி, ஓரத்துக்கு ஓரம் பொருத்திப் பார்த்தேன். டை கட்டியவர் இன்னும் இரண்டு டைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் போட்டோகூட எடுத்தார். ஏழாவது கார்டு மாதிரியோடு நூல் பிசகாமல் பொருந்தியது. டைக்காரர், "சார், இது உள்ள போயிடுமா?" என்று சந்தேகப்பட்டார். "போட்டுப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பெட்டிக்குள் விட்டால், முக்கால்வாசி போகிறது, அதற்குமேல் ஒரு விரல்கடை போகமாட்டேன் என்கிறது. திருப்பினேன், சாய்த்தேன், கெஞ்சினேன். கடைசியில் பக்ரம் மாதிரியை மறுபடி விட்டு, டார்ச் அடித்து உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் மாதிரி உள்ளே போனது உண்மை. ஆனால் கடைசி ஒரு விரல்கடையில் ஓர் இரும்புப் பட்டை குறுக்கே இருக்கிறது. இஞ்ச் டேப் அந்தப் பட்டையின்மேல் ஏறி வளைந்து போயிருக்கிறது. பக்ரமும் அந்த இடத்தில் நைஸாக வளைந்து கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. துணிக்கு அந்தக் குணம் உண்டு, மனுஷன் உடம்போடு பழகி வந்ததல்லவா. தகரத்துக்கு யாரோடும் பழக்கமில்லை. துணி டேப்பால் இரும்பை அளந்தவனைத் தங்கள் உத்தியோக காலத்தில் தாங்கள் என்ன செய்திருப்பீர்களோ, அதை மனதிற்குள் செய்துகொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சட்டை இறுக்கமாக இருந்தால் பக்கத்தில் பிரித்துவிட்டுத் தைப்போம். பெட்டியையும் அதுபோல ஓரத்தில் ஒரு விரல்கடை வெட்டிவிட்டால் கார்டு தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே என்று தோன்றியது. கேட் வெல்டிங் செய்பவரைக் கூப்பிடச் செருப்பை மாட்டிவிட்டேன். என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீங்க?"

"வெல்டிங்காரரைப் பாத்துட்டு வரேன். சின்னதா ஒரு ஜன்னல்..."

"மாப்பிள்ளை குடுத்த பெட்டிக்கு ஜன்னல் வெக்கப் போறீங்களா? ஏற்கெனவே அவங்கப்பாவை அனுப்பியாச்சு. மாப்பிள்ளையும் வராம இருக்கறதுக்கு வழி பண்றீங்களா?"

செருப்பைக் கழற்றினேன். தாங்கள் கோபித்துக்கொண்டு போனதில் எனக்கு இருந்த வருத்தத்தைவிட அவளுக்கு இருந்தது அதிகம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடையில் நல்ல மனிதர்கள். பிரிக்கப்பட்ட அட்டைப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாலும், என் போட்டோவைக் காட்டி அவர்களுக்குள் சிரித்துக்கொண்ட நன்றிக்கோ என்னமோ, மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை மரத்தில் மாதிரி செய்துகொண்டு போயிருந்தேன். தச்சர் வீட்டில் கேட்டு வாங்கிய பலகைத் துண்டு, இழைத்துக் கொடுத்தார். அதற்குத் தகுந்தாற்போல் குட்டை, ஒல்லி, தனி வயர் கேட்காதது, ஒரே ஒரு சின்ன ஃபேன், எல்லாம் அமைந்த கார்டு கிடைத்தது. பெட்டிக்குள் விட்டேன். போய் உட்கார்ந்தது! ஆனால் கார்டின் ஒரு முனையில், பெட்டியின் பின்பக்கம் திருகி மாட்டுவதற்கு ஒரு தகரப் பட்டை இருக்கிறது பாருங்கள், அது கார்டைப்போல் இரண்டு மடங்கு உயரம். பெட்டி மூடவில்லை. குட்டையான ஆளுக்கு முழங்கால் வரைக்கும் கை வைத்த சட்டையைப் போட்டதுபோல் நின்றது. அட்டைப் பெட்டிக்குள் அதே மாதிரித் துளைகளோடு இன்னொரு சின்னத் தகரப் பட்டையும் இருந்தது. ஏதோ வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். வரிசையாகத் துளை, நேரான விளிம்பு, கைக்கு அடக்கம். துணி ஓரத்தை ஒரே அளவில் மடித்துக் குறிப்பதற்கு அதைப்போல ஒன்று எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதை வைத்து மகள் அறைக்கு மூன்று திரைச்சீலைக்கு ஓரம் குறித்துத் தைத்தும்விட்டேன். சம்பந்தி, அந்தத் திரைகளைத் தாங்கள் பார்க்க வேண்டும், ஓரம் மயிரிழை பிசகவில்லை.

நேற்று டாக்டரம்மா ஊரிலிருந்து வந்தார். மூடாத பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்ரம் கார்டு, பலகைக் கார்டு இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாங்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"ஆனா வாங்கினது சரியானதுதான். கூட ஒரு குட்டைப் பட்டை வந்திருக்குமே, எங்க?"

தையல் மிஷின் டிராயரிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அதில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அவர் ஊதிவிட்டு, பெரிய பட்டையைக் கழற்றி, சின்னப் பட்டையை மாட்டி, பெட்டியை மூடி, டிவி வயரைப் பழைய துளையிலிருந்து எடுத்துக் கார்டின் துளையில் சொருகினார். மொத்தம் ஆறு நிமிடம். நான் எட்டு நாள் பட்ட பாடு. பூத் தூவும் இடத்தைப் போட்டோம். பூ பூவாக, ஒன்றின்மேல் ஒன்று விழாமல், தண்ணீர் மாதிரி இறங்கியது. என் மகள் தலை நிமிர்ந்து சிரித்தாள். இத்தனை நாள் அந்தச் சிரிப்பு நாலு துண்டாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா, "அந்தச் சம்பந்தி இடத்தையும் போட்டுப் பாத்துடுங்களேன்" என்றார். நான் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். அந்த இடம் முதன்முதலில் ஓடும்போது தாங்கள் எதிரில் இருக்க வேண்டும்.

ஆகவே சம்பந்தி அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். குற்றம் தங்கள் முகத்தில் இல்லை. யார் வாயும் பேசும்போது ஒரு கணம் திறக்கத்தான் செய்யும், அந்தக் கணத்தில் பார்த்து மிஷின் நின்றுவிட்டது. இப்போது மிஷின் சரியாகிவிட்டது. தாங்கள் மாதக் கடைசியில் பிள்ளைகளோடு வந்து, அதே நாற்காலியில் அமர வேண்டும். அதே அக்காவையும் அதே நர்ஸம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அதே படத்தைப் போடுகிறேன். தாங்கள் வாயை மூடுவதையும், கம்பீரமாக ஏதோ பேசுவதையும் அவர்கள் கண்ணாரக் காண வேண்டும். சிரித்தவர்கள் வாயடைத்துப்போக வேண்டும். அதற்கு நான் முழுப் பொறுப்பு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. மகளிடம், திரைச்சீலை மாற்றியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். எல்லோரும் நோய் நொடியில்லாமல், கைகால் சுகத்தோடு, அளவாகக் குளித்து நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
சம்பந்தி

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மனைவி வந்து, "எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அவர் வர்ற இடத்தைப் பாத்தீங்களா?" என்றாள். மரியாதைக்காகப் பார்க்கவில்லை என்றேன். "பொத்தான் இருக்கான்னுகூடப் பாக்காம சட்டையைக் குடுத்தனுப்புவீங்களா?" என்றாள். நியாயம்தான். வாசல் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போட்டுப் பார்த்தோம். வெள்ளைத் திரை வந்தது, நாற்காலி வந்தது, தாங்கள் வந்தீர்கள். வாய் திறந்தது திறந்தபடி. படம் நின்றுவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்ய எழுந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "இருங்க, அவர் சட்டையைப் பாருங்க" என்றாள். அந்தச் சட்டை நான் தங்களுக்காக வெட்டித் தைத்தது. புதிய கார்டில் அதன் நூல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அதன் இரண்டாவது பொத்தான் மெதுவாக மேலே ஏறியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தங்களைத் தாண்டி, அடிமேல் அடி வைத்துப் போனார். படம் எந்தக் காலத்திலும் அங்கே நின்றதில்லை சம்பந்தி. தாங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் அன்று பிளக்கைப் பிடுங்காமல் இருந்திருந்தால், ஒரு நிமிடம் பத்து விநாடி தூங்கியிருப்பீர்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின மூன்று நாளும் எங்கள் பக்கத்து ஆட்களை ரயில் நிலையத்துக்கும் மண்டபத்துக்குமாக ஏற்றி இறக்கியது தாங்கள்தான். பெண்ணைப் பெற்றவன் அலையக் கூடாது என்று என்னை உட்கார வைத்துவிட்டு அலைந்தீர்கள். அதற்குப் பிறகு, நாங்கள் போட்ட நாற்காலியில், எங்கள் மனிதர்கள் நடுவில், தங்கள் வீடுபோல் கண் அயர்ந்திருக்கிறீர்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

இதுவரை எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் கை வலிக்கிறது. மிஷின் சரியாகிவிட்டது என்று வரும் இடங்களை மட்டும் தாங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். அக்காவிடமும் நர்ஸம்மாவிடமும் மிஷின் இன்னும் கோளாறுதான் என்று சொல்லியாகிவிட்டது. இன்று சாயங்காலம் டாக்டரம்மாவை வரச்சொல்லிக் கார்டைக் கழற்றிவிடுகிறேன். பூவெல்லாம் ஆகாயத்திலேயே நின்றுவிட்டுப் போகட்டும். தாங்கள் வாருங்கள்.